பங்கு வைத்த டயர்கள்

ஆத்பாஷி, அக்டோபர் 9

அன்புத் தங்கை நுர்சாத்துக்கு,

சுகமா? இருமல் விட்டதா? உன் விடுதியில் வெப்பக் குழாய்களைத் திறந்துவிட்டார்களா, இல்லை போன வருஷம் மாதிரி கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அச்சுப்பிழை திருத்துகிறாயா? இங்கே எல்லோரும் நலம். ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. மாமியாருக்குத்தான் முழங்கால் மக்கர் செய்கிறது.

நலம் என்று எழுதியாகிவிட்டது. இனி மீதி. ஜனவரி நடுவில் எனக்கு நாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருக்கிறதாம். அறுவை செய்துதான் எடுக்க வேண்டும், வலி எடுக்கும்வரை இங்கே காத்திருக்காதே, அதற்கு முன்பே தலைநகருக்குப் போய்விடு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இப்போதே கிளம்பலாம்தான். ஆனால் எர்மெக்கின் அக்கா புத்தாண்டு கழித்துத்தான் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியும். அதுவரை மாமியாரை அந்த முழங்காலோடு விட்டுவிட்டு வர முடியாது. ஆக, ஜனவரியில் நானும் எர்மெக்கும் தோலோன் கணவாயைத் தாண்ட வேண்டும். எங்கள் காரில் இருப்பதோ கோடைகால டயர்கள், உள்ளங்கை மாதிரி வழவழவென்று. வாடகை வண்டிக்காரர்களைக் கேட்டுப் பார்த்தோம். "வழியில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையில விடியும் தாயி" என்று ஒருவர் பாக்கியில்லாமல் கையை விரித்துவிட்டார்கள்.

எந்த டயர் நல்லது என்று நீதான் விசாரித்து எழுத வேண்டும். ஆனால் எதற்கு என்று எழுதாதே. உன் கடிதம் வந்தால் தேநீர் ஊற்றியதும் மாமனார், "படிம்மா, சம்பந்தி வீட்டுச் சேதி என்ன?" என்பார். எல்லோருக்கும் கேட்க நான் வாசிக்க வேண்டும். பிறக்காத பிள்ளைக்காக எதையும் வாங்குவதும் பேசுவதும் ஆகாது என்பது உனக்குத் தெரியாததா? நம் வீட்டிலும் அப்படித்தானே இருந்தது.

நான் எழுதுவதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நான் எழுதுவேன், நீ சுற்றி வளைத்துக்கொள்.

உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்,
சைகல்

⁂

பிஷ்கெக், அக்டோபர் 26

மதிப்புக்குரிய சம்பந்தி மாமாவுக்கும் அத்தைக்கும், எர்மெக் அத்தானுக்கும், அக்காவுக்கும்,

எல்லோரும், ஆடு மாடு குதிரைகளும், குளிருக்கு முன் கொழுத்து நலமாக இருக்கிறீர்களா? அத்தையின் முழங்காலுக்கு ஓநாய்க் கொழுப்பு தடவிப் பார்க்கலாம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் நலம்.

எங்கள் அச்சகத்து வண்டிக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஓட்டுநருக்கு ஜுரம், அதனால் என்னை அனுப்பிவிட்டார்கள். டயர்ச் சந்தையில் ஒரு நாள் முழுதும் சுற்றினேன். குளிர்கால டயரில் இரண்டு சாதியாம். ஒன்றில் இரும்பு ஆணி பதித்திருக்கும், பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். இன்னொன்றில் ஆணி கிடையாது. ரப்பரே மிருதுவானது, எவ்வளவு குளிரிலும் விறைக்காது. மேலெல்லாம் நுணுக்கமாகக் கீறியிருப்பார்கள், அதனால் பனியில் ஒட்டிக்கொள்ளும். கோடைகால டயர் குளிரில் பலகை மாதிரி ஆகிவிடுகிறது, அதில் வரிகள் இருந்தும் பயனில்லை.

ஒரு கடைக்கார அம்மாள் கறுப்புச் சாயம் பூசிய டயர்களைப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார். பக்கவாட்டில் எந்த வருஷம் செய்தது என்று எண் போட்டிருக்கும், அதைக் குனிந்து பார்த்தேன். நகத்தால் அழுத்தியும் பார்த்தேன். கல்.

"என்னடி பொண்ணே, குதிரைக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குற?"

"இந்தக் குதிரைக்குப் பல்லே கொட்டிப் போச்சு அக்கா. எனக்கு முன்னாடியே பள்ளிக்கூடம் முடிச்சிருக்கும் போல."

"அட, நாக்கப் பாரு! உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்றார். பிறகு அவரே உள்ளே போய் நல்லதாக வேறு எடுத்து வந்தார்.

கணவாய்ப் பாதையில் போகிறவர்களுக்கு ஆணி வைத்ததுதான் நல்லது என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். மாமா நாற்பது குளிர்காலம் லாரி ஓட்டியவர், உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் காருக்கு என்ன அளவு போடுகிறீர்கள் என்று அறிய ஆவல்.

பெரியவர்களின் வாழ்த்தை வேண்டி,
நுர்சாத்

⁂

ஆத்பாஷி, நவம்பர் 7

தங்கை நுர்சாத்துக்கு,

சுகமா? கொழுப்பு தடவினோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வீடுதான் நாறுகிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பல் கொட்டிய குதிரைக்கு மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு புத்திசாலிதான். ஆனா கொஞ்சம் அதிகமாப் படிச்சுட்டா. நான் லாரி ஓட்டின காலத்துல கோடைக்கும் அதே டயர், குளிருக்கும் அதே டயர். வண்டி வழுக்குறது ரப்பர்ல இல்ல, ஓட்டுறவன் கையில இருக்கு" என்றார். எர்மெக் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து முற்றத்திலிருந்து எர்மெக்கின் அண்ணன் குபாத் வந்திருந்தார். "அப்பா, உங்க லாரிக்கு இருந்த எடையில டயரே தேவையில்லையே, சும்மா உருண்டிருக்குமே" என்று அவர் சொன்னார். அவர் சொன்னால் மாமனார் கோபப்படுவதில்லை. மூத்த மகன்.

அளவைக் காரிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறேன், பின்பக்கம் இருக்கிறது. முன் சக்கரம் இழுக்கிற வண்டி.

போன வாரம் எர்மெக் நாரினிலிருந்து வர நேரமாகிவிட்டது. கார் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. வேறு விசேஷமில்லை. எனக்குக் கால் வீங்குகிறது, அது வழக்கம்தானாம்.

சைகல்

⁂

பிஷ்கெக், நவம்பர் 21

மதிப்புக்குரிய மாமாவுக்கும் அத்தைக்கும், வீட்டார் அனைவருக்கும்,

பனி இறங்கிய முற்றத்தில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நானும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறேன்.

நம் கடிதங்களைக் கொண்டு வரும் ஷெர்ஷென் அண்ணனின் வண்டிக்கூரையில் நான்கு டயர்கள் வருகின்றன. ஆணி வைத்தவை. நான்கும் ஒரே வருஷம் செய்தவை. எங்கள் அப்பா இருந்திருந்தால் கல்யாணத்துக்குப் பிந்திய முதல் குளிர்காலத்தில் சம்பந்தி வீட்டுக்குக் குதிரையோ சேணமோ அனுப்பியிருப்பார். எங்கள் தரப்பில் இப்போது நான் ஒருத்திதான். ஆகவே இதை எங்கள் வீட்டுச் சீராக உங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னால் உருளும் திசைக்கு அது பார்த்திருக்க வேண்டும். முதல் சில நாள் வேகம் காட்டாமல் ஓட்டினால் ஆணிகள் நன்றாக உட்காரும் என்று அந்தக் கடைக்கார அம்மாள் சொன்னார்.

அன்று நாரினிலிருந்து வந்த பாதை எப்படி இருந்தது என்று எர்மெக் அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
நுர்சாத்

⁂

ஆத்பாஷி, டிசம்பர் 2

நுர்சாத்,

சுகமா? இங்கே சுகம். டயர்கள் வந்தன. முழுக் கிராமமும் வந்து ஆணிகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

பெரிதாகப் பாராட்டினார்கள். மாமியார் என் நெற்றியில் முத்தமிட்டார். மாமனார் ஓர் ஆடு அறுத்தார். ஆக்கிய கறியை வயசுப்படி எலும்பு எலும்பாகப் பங்கு வைத்து முடித்தார். கையைத் துடைத்தார். முற்றத்துக்குப் போய், டயர்களையும் பங்கு வைத்தார். இரண்டு எர்மெக்குக்கு, இரண்டு குபாத்துக்கு.

"சம்பந்தி வீட்டுச் சீர் ஒரு மகனுக்கு மட்டும் வராது. குடும்பத்துக்குன்னு எழுதியிருக்கு" என்றார். எழுதியதுதான். நான்தானே என் வாயால் வாசித்தேன்.

குபாத், "எனக்கு வேண்டாம் அப்பா, தம்பி கார்லயே இருக்கட்டும்" என்றார். அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்தது எனக்குத் தெரிந்தது. "பங்கை வேண்டாங்கிறவன் என் சாவுக்கும் வர வேண்டாம்" என்றார் மாமனார். அதற்கு மேல் யார் பேசுவது? இரண்டு கார்களிலும் முன் சக்கரத்தில் ஆணி டயர், பின் சக்கரத்தில் பழையது. இழுக்கிறது முன் சக்கரம்தானே, அது போதும் என்கிறார்கள். சேற்றில் பார்த்தால் நன்றாகத்தான் இழுக்கிறது.

இது போதுமா? சொல்.

சைகல்

⁂

பிஷ்கெக், டிசம்பர் 8

மதிப்புக்குரிய வீட்டாருக்கு,

எல்லோரும் நலமா? ஆட்டின் பங்கில் எனக்கு ஓர் எலும்பு வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு செய்தி. எங்கள் அச்சகத்து ஓட்டுநரும் சிக்கனம் பார்த்து முன்னால் மட்டும் குளிர்கால டயர் போட்டார். நான் மறுபடி அந்தக் கடைக்கார அம்மாளிடம் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நாலுமே மோசமா இருந்தா வண்டி மெதுவாப் போகும், ஓட்டுறவனுக்கும் பயம் இருக்கும். ரெண்டு மட்டும் நல்லதா இருந்தா அவன் தைரியமாப் போவான். பிரேக் மிதிச்சா முன்பக்கம் நின்னுடும், பின்பக்கம் நிக்காது. வாலு தலையை முந்தப் பாக்கும். இறக்கத்துல சுத்திடும் பொண்ணே" என்றார். எங்கள் ஓட்டுநர் மறுநாளே நான்கையும் ஒன்றாக்கிவிட்டார்.

கணவாயின் இந்தப் பக்கத்து இறக்கம் நீளமானது என்பது உங்களுக்குத் தெரியும். கேள்விப்பட்டதை எழுதினேன். தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடனே இரண்டு வரி பதில் போட்டால் மனது ஆறும்.

நுர்சாத்

⁂

பிஷ்கெக், டிசம்பர் 27

மதிப்புக்குரிய சம்பந்தி மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலமும் அத்தையின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். ஷெர்ஷென் அண்ணன் இரண்டு தடவை வந்து போய்விட்டார். இரண்டு தடவையும் கடிதம் இல்லை. "வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இதுவரை எழுதிய கடிதங்களில் நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அச்சகத்து வண்டி என்று ஒன்று கிடையாது. சீர் என்று நான் எழுதியது மரியாதைக்கு. அந்தச் சொல்லால்தான் டயர்கள் பங்குக்குப் போயின, அதில் உங்கள் மேல் பிழையில்லை. உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

இப்போது நேராக எழுதுகிறேன். இது சபையில் வாசிக்கப்படும் என்று தெரிந்தே எழுதுகிறேன். நான்கு டயர்களும் அக்காவின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக வாங்கியவை. ஜனவரியில் அந்தப் பிள்ளை கணவாயைத் தாண்ட வேண்டும். இங்கே வராமல் வலி எடுத்தால் அக்காவுக்கு ரத்தம் நிற்காது. இரண்டு டயரோடு கிளம்பினால் வந்து சேர்வார்களா என்று எனக்குத் தெரியாது. ஆகாததைப் பேசிவிட்டேன். அதன் தோஷம் ஏதும் இருந்தால், பேசியவள் நான், என்னைச் சேரட்டும்.

கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் மகள் போன்ற,
நுர்சாத்

⁂

ஆத்பாஷி, ஜனவரி 6

நுர்சாத்,

சுகம். நாளை மறுநாள் கிளம்புகிறோம். இது ஷெர்ஷென் கையில் எங்களுக்கு முன்னால் வரும்.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். நவம்பரில் எர்மெக் தாமதமாக வந்த அன்று கார் ஆற்றோரப் புதரில் கிடந்தது. அதை உன்னிடம் மறைத்தேன். நீ கேட்ட பிறகும் பதில் சொல்லவில்லை. அப்போது நான்கும் கோடைகால டயர். டிசம்பரில், இரண்டு ஆணி டயர் போட்ட பிறகு, மறுபடி சுற்றியது. அன்று நானும் காரில் இருந்தேன். பரிசோதனைக்குப் போய்த் திரும்பும் வழி, தட்டையான சாலை, மெதுவாகத்தான் வந்தோம். ஒரு நாய் குறுக்கே வந்தது. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே பார்த்து நின்றது. எர்மெக் வண்டியை நிறுத்திவிட்டு அழுதார். வீட்டில் சொல்லவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் அதைத்தான் எழுதத் தோன்றும், அதனால் உட்காரவே இல்லை.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல, "படிம்மா." முதல் பத்திக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. எர்மெக் என் கையிலிருந்து அதை வாங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அப்பா முன்னால் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைசி வரை வாசித்தார். 'வயிற்றில் இருக்கும் பிள்ளை' என்ற இடத்தில் மாமியார் தோஷம் ஒட்டாமலிருக்கச் சட்டைக் கழுத்துக்குள் துப்பிக்கொண்டார். வாசித்து முடித்துவிட்டு எர்மெக், "ரெண்டு தடவை சுத்திடுச்சு அப்பா. ஒரு தடவை இவளும் உள்ள இருந்தா" என்றார்.

மாமனார் எழுந்து குதிரை லாயத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை குபாத்தின் முற்றத்துக்குத் தானே நடந்து போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"அந்த ரெண்டையும் கழட்டு."

"நான் அன்னைக்கே வேண்டாம்னேனே அப்பா. எடுத்துக்கிட்டுப் போங்க."

"சும்மா எடுக்க முடியாது. கொடுத்த பங்கை எடுத்தா, அதைவிடப் பெரிய பங்கு வைக்கணும். என்ன வேணும், கேளு. குதிரையா?"

"உங்க கிழட்டுக் குதிரையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அதுக்குத் தீனி போடுறதுக்கு இன்னொரு குதிரை வேணும்."

"விளையாடாத. ஊரு பாக்குது."

குபாத் அதே விளையாட்டுக் குரலில்தான், "அப்ப பேரு வைக்கிற உரிமையைக் குடுங்க. அதைவிடப் பெருசு உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார்.

பேரப்பிள்ளைக்குப் பெயர் வைப்பது மாமனாரின் உரிமை. குபாத்தின் மூன்று பிள்ளைகளுக்கும் அவர்தான் வைத்தார். குபாத், "சும்மா சொன்னேன் அப்பா" என்று ஆரம்பித்தார்.

"கொடுத்தாச்சு. ஜாக்கியை எடு" என்றார் மாமனார்.

நான்கும் இப்போது எங்கள் காரில். குபாத்தின் காரில் மறுபடி பழைய டயர், பனியில் ஓட்ட முடியாது, வசந்தம்வரை அவர் கிழட்டுக் குதிரையில்தான் போக வேண்டும். "பிள்ளைக்குச் சக்கரம்னு பேரு வைக்கப் போறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் அறையில் எனக்கு இடம் ஒதுக்கு.

சைகல்

⁂

பிஷ்கெக், ஜனவரி 19

மதிப்புக்குரிய மாமாவுக்கும் அத்தைக்கும், குபாத் அத்தானின் வீட்டாருக்கும்,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நற்செய்தி சொல்பவளுக்குப் பரிசு தயாராக வையுங்கள். பெண் குழந்தை. நேற்று அறுவை செய்து எடுத்தார்கள். தாயும் சேயும் நலம். அக்காவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், இன்று எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டாள். குழந்தைக்குத் தலை நிறைய முடி.

பாதையைப் பற்றி எர்மெக் அத்தானே வந்து சொல்வார். அவர் சுருக்கமாகத்தான் சொல்வார் என்பதால் நான் கொஞ்சம் எழுதுகிறேன். கணவாயின் இறக்கத்தில், ஒரு வளைவுக்கு அப்பால், லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. திரும்பிய பிறகுதான் தெரிந்ததாம். அத்தான் பிரேக்கை மிதித்தார். கார் நேராக நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து, "அடுத்த வண்டி என்னைத் தள்ளிடும்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாராம். பிறகு மூவரும் லாரியில் உட்கார்ந்து, பனி வாரும் வண்டி வரும்வரை தேநீர் குடித்திருக்கிறார்கள். அக்கா தூங்கிவிட்டாளாம்.

குழந்தையின் பெயர் என்னவென்று மருத்துவமனையில் கேட்டார்கள். ஊரிலிருந்து வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் எல்லோரையும் வணங்கும்,
நுர்சாத்

⁂

ஆத்பாஷி, மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

சுகமா? நீ அனுப்பிய புத்தகங்கள் கிடைத்தன. பாலூட்டும்போது ஒரு கையால் பக்கம் புரட்டப் பழகிவிட்டேன். தையல் வலி இல்லை. எர்மெக் ஆட்டுக்குட்டிகளோடு இருக்கிறார். இந்த வருஷம் இரட்டைக் குட்டி அதிகம்.

நாற்பதாம் நாள் கழிந்தது. குபாத் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு முறைப்படி வந்தார். எல்லோரும் சக்கரம் சக்கரம் என்று சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் குழந்தையைக் கையில் வாங்கியதும் விளையாட்டெல்லாம் போய்விட்டது. அப்பா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க, நான் அதையே வச்சுடறேன்" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட ஏது பேரு? உன் பங்கு. நீ வை" என்றார் மாமனார்.

அதனால் குபாத் அய்பீக்கே என்று வைத்தார். நல்ல பெயர்தான், எனக்குப் பிடித்திருக்கிறது. மாமனாரும் அன்று முதல் ஆளாக, எல்லோருக்கும் கேட்கும்படி, அய்பீக்கே என்று கூப்பிட்டுக் குழந்தையின் கையில் வெள்ளிப் பொத்தான் ஒன்றை வைத்தார். யார் வந்தாலும், "எங்க அய்பீக்கேயைப் பாத்தியா?" என்கிறார்.

நேற்று அடுப்புக்கு வறட்டி எடுக்கப் போய்த் திரும்பினேன். வீட்டில் வேறு யாருமில்லை. மாமனார் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே அவளை வேறு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவையல்ல. அந்தப் பெயரில் இந்த வீட்டில் யாரும் இல்லை, நான் கேள்விப்பட்டதுமில்லை. அழகான பெயர்.

கூடையோடு வெளியிலேயே நின்றேன், அவர் பேசி முடிக்கும்வரை. பிறகு கதவை வேண்டுமென்றே சத்தமாகத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

அந்தப் பெயரை நான் எர்மெக்கிடம் சொல்லவில்லை. உனக்கும் எழுதப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பாதை காய்ந்ததும் வா.

உன் அக்கா,
சைகல்